வியாழக்கிழமை மட்டும் 7.44

ஜூலை 12, புதன்

நாலு மணிக்கு மழை. ஐந்துக்கு நின்றது. பள்ளிக் காலணி இன்னும் காயவில்லை.

செய்ய வேண்டியவை: காலணிக்கு வெள்ளை. வரலாறு, ஆறாம் பாடம். கணக்கு நோட்டில் எட்டாவது நாள்.

அக்கா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியது 6.46.

கணக்கு டீச்சர் சிக்கு ரஹிமா கொடுத்த வேலை. எங்கள் மூன்றாம் படிவ வகுப்பு மொத்தமும் செய்ய வேண்டும். ஏதாவது ஒன்றைப் பத்து நாள் அளந்து எழுதி, அதற்குச் சராசரி, மீடியன், மோட், ஜூலாட் நான்கும் கண்டுபிடிக்க வேண்டும். ரேவதி தன் தம்பி எத்தனை நிமிடம் குளிக்கிறான் என்று எழுதுகிறாள். பத்து நாளையும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருப்பாள் என்பது என் சந்தேகம். எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன. எந்தப் பையன் தினமும் சரியாக ஏழு நிமிடம் குளிப்பான்?

என்னுடையது விமலா அக்கா வீடு திரும்பும் பஸ். அவளுக்குப் பத்து பெரண்டாம் என்ற ஊரில் எலெக்ட்ரானிக் பொருள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முக்கிய சாலையிலிருந்து எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளுக்குச் செம்பனை மரங்களுக்கு நடுவே பதினைந்து நிமிட நடை. அக்கா தனியாக நடக்கக் கூடாதென்று அம்மா தினமும் என்னை ஜங்ஷனுக்கு அனுப்புகிறாள். எப்படியும் நிற்கிறேன், நேரத்தை எழுதிக்கொண்டால் போயிற்று.

கணக்கு நோட்டு டிவி பக்கத்துத் தட்டில். இந்த நோட்டு என் துணிகளுக்கு அடியில். இதை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. இதுவரை.

ஜூலை 13, வியாழன்

வெயில். கொசு. ஜங்ஷனில் டுரியான் பழக் கடை போட்டுவிட்டார்கள், அந்த வாடையில் தலைவலி.

கம்பெனி பஸ் 6.45. பார்வதி அக்கா இறங்கினார். (ரேவதியின் அக்கா. எங்கள் லயத்தில் நான்காவது வீடு. அதே தொழிற்சாலையில் பேக்கிங் பகுதி.) எங்கள் அக்கா இறங்கவில்லை.

"உங்கக்கா மத்தியானமே போயிட்டாளே. ஹாஃப் டே லீவு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா," என்றேன். தெரியாது.

போகாமல் நின்றேன். டவுன் பஸ் 7.44. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினாள். திருடி மாதிரி.

"என்னாக்கா லேட்டு?"

"கம்பெனி பஸ் கெட்டுப் போச்சுலா. வா, வா."

கெட்டுப் போன பஸ் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என் கண் முன்னே வந்து நின்று போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த முறை உஷாராகிவிடுவாள்.

கண் இரண்டும் சிவப்பு. அழுதிருக்கிறாள். யாருக்காக?

இன்னொன்று. பத்து நிமிடம் தாமதமானாலே அம்மா வாசலில் நிற்பாள். இன்று ஒரு மணி நேரம். உள்ளேயிருந்து, "கைகால் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்றாள். அவ்வளவுதான். ஏன் கேட்கவில்லை?

அப்பாவுக்குச் செம்பனை எண்ணெய் மில்லில் மாலை ஷிஃப்ட். அவர் இல்லை.

நோட்டில் எழுதினேன்: 7.44.

ஜூலை 14, வெள்ளி

அக்கா 6.44. பத்து நாள் முடிந்தது. நாளும் நேரமும் மேலே வரிசையாக, விடைகள் கீழே. எல்லாம் பென்சிலில்.

ஆறு மணிக்கு மேல் எத்தனை நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன்:
42, 45, 44, 45, 47, 43, 45, 46, 104, 44

கூட்டினால் 505. சராசரி 50.5. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது, அதாவது மீடியன், 45. அதிகம் வருவது, மோட், அதுவும் 45. பெரியதில் சிறியதைக் கழித்தால் ஜூலாட், 62.

நேற்றைய ஒரு நாள் இல்லாவிட்டால் ஜூலாட் வெறும் 5.

சராசரியை நம்ப முடியவில்லை. பத்து நாளில் ஒரு நாள்கூட அக்கா 6.50-க்கு வந்ததில்லை. ஒரே ஒரு நாள் செய்ததை எடுத்து மற்ற ஒன்பது நாள் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தடவிவிட்டது மாதிரி. மீடியனுக்கு ஒன்றுமே தெரியாது. அக்கா ஏழே முக்காலுக்கு வந்தாலும் நடு இரவுக்கு வந்தாலும் அதற்கு 45-தான்.

ரேவதி "எப்படிப் போடுறதுன்னு பாத்துட்டுத் தரேன்" என்று நோட்டை வாங்கிப் போனாள். பார்த்து அப்படியே எழுதுவாள்.

ஜூலை 15, சனி

காலையில் ரேவதி நோட்டைத் திருப்பித் தந்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை, தட்டில் போட்டுவிட்டேன்.

துணி துவைத்தேன். இரண்டு வாளி.

சனிக்கிழமை மட்டும் அப்பாவுக்குக் காலை வேலை, மத்தியானம் மில்லிலிருந்து வந்தார். செம்பனை ஏற்றி வரும் லாரிகளை எடை பார்ப்பதுதான் அப்பாவின் வேலை. குலையோடு ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி லாரி ஒரு எடை, கழித்து எழுத வேண்டும். இருபது வருடமாக இதுதான். யாரையும் சட்டென்று நம்ப மாட்டார். குலைக்கு அடியில் கல் போட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டார் என்பாள் அம்மா. எனக்கும் அந்தக் குணம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கொல்லையில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாளியோடு நான் போனதும் பேச்சு நின்றது. காதில் விழுந்தவை: "லாரிக்காரன் பாத்திருக்கான்." "தெங்கேராவுல." "ஒரு கடை வாசல்ல, ஆம்பளயோட."

தெங்கேரா, தொழிற்சாலைக்குப் போகும் வழியிலேயே இல்லை.

அக்கா மத்தியானம் முழுக்கத் தூங்கினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

ஜூலை 16, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

காலைப் பசியாறிய பிறகு அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "தேவி, நீ தெனம் விமலா வர்ற நேரத்த எழுதுறியாமே. பார்வதி சொல்லுச்சு. அந்த நோட்ட கொண்டா."

அக்கா அந்தப் பக்கம் யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கொடுத்தால் அக்கா மாட்டுவாள். கொடுக்காவிட்டால் நான் மாட்டுவேன். எழுந்து போய் எடுத்து வந்தேன். ஆனால் இதையும் எழுத வேண்டும்: உள்ளே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. என் நோட்டை ஒருவர் முக்கியமாக நினைத்துக் கேட்டாரே என்று.

அப்பா விரல் வைத்துப் படித்தார். "ஆறு நாப்பத்தாறு. ஆறு நாப்பத்திநாலு. ஆறு நாப்பத்திநாலு." முடிந்தது.

எட்டிப் பார்த்தேன். வியாழன், 6.44.

நான் எழுதியது 7.44. சத்தியமாக 7.44.

அப்பாவின் விரல் கீழே போனது. "இது என்னா, அறுபத்திரண்டு?"

"ஜூலாட்பா."

"அப்படின்னா?"

"பெருசுல சின்னத கழிச்சா வர்றது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, கொண்டு போய் வை." மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 6.44 என்றால் மொத்தம் 445, சராசரி 44.5. ஆனால் நான் வெள்ளிக்கிழமை எழுதிய 50.5 கீழே அப்படியே இருக்கிறது. வித்தியாசம் 6. பத்து நாள் என்பதால் ஆறு பெருக்கல் பத்து, அறுபது. யாரோ என் நோட்டிலிருந்து சரியாக ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டார்கள்.

வியாழனுக்கு நேரே தாள் சொரசொரப்பு. ரப்பர் போட்ட இடம்.

ஜூலை 17, திங்கள்

பள்ளி பஸ் லேட். முதல் மணி கேட்கும்போது ஓடினேன்.

சிக்கு ரஹிமா இரண்டாம் பாதியைக் கொடுத்தார். பத்து எண்ணில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எது அசைகிறது, எது அசையவில்லை என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். நல்லவற்றை வகுப்பின் பின்னால் சுவரில் ஒட்டி வைப்பாராம், எல்லாரும் படிக்க.

என் வீட்டுப்பாடத்தை யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். சராசரி 50.5-லிருந்து 44.5. ஜூலாட் 62-லிருந்து 5. மீடியன் 45-லிருந்து 44.5, அரை நிமிடம். மோட் இப்போது 44, 45 இரண்டும்.

சந்தேகம் யார் மேல்:

ரேவதி. நோட்டு ஒரு இரவு அவளிடம் இருந்தது. என் விடை தப்பாகட்டும் என்று செய்யக்கூடியவள்தான்.

அக்கா. காரணம் இருப்பது இவளுக்குத்தான். ஆனால் ஐந்தாம் படிவத்தில் கணக்கில் நல்ல மார்க். நேரத்தை மாற்றியவள் கீழே இருக்கும் சராசரியையும் ஜூலாட்டையும் மாற்றாமல் விடுவாளா? மாற்றியவருக்கு அந்த நான்கு வரியும் வெறும் கோலம் மாதிரி தெரிந்திருக்கிறது.

அப்பா. மாற்றியவரே நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பாரா?

அம்மா. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. மணி பார்க்கத் தெரியும்.

சோதனை: வியாழனில் 6-ஐ அழித்துவிட்டு மறுபடி 7 போட்டேன். நோட்டைத் தட்டில் அதே இடத்தில் வைத்தேன். பார்க்கலாம்.

அக்கா பஸ்ஸிலிருந்து வந்ததும் கேட்டேன். "தெங்கேராவுல யாருக்கா இருக்கா?"

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். "யாரும் இல்ல. எதுக்குக் கேக்குற?" பிறகு வேகமாக நடந்தாள். ஒரு வேரில் கால் தடுக்கி விழப் பார்த்தாள். தினமும் நடக்கிற பாதை.

ஜூலை 18, செவ்வாய்

மழை இல்லை. மாவு அரைத்து வாங்கி வந்தேன்.

காலையில் நான் கிளம்பும்போது நோட்டில் 7.44. பள்ளியிலிருந்து வந்ததும் பார்த்தேன். 6.44.

நோட்டு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஆக, ரேவதி இல்லை. பாவம், இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா காலையில் எனக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். அப்பா மத்தியானம் வரை தூக்கம்.

தாள் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் அடையாளம்.

அம்மா ஏன்? அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. பார்த்ததில்லையா, கவனித்ததில்லையா?

ஜூலை 19, புதன்

கேட்டுவிட்டேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயாயிற்று. நோட்டை எடுத்துப் போய் அவள் முன்னால் விரித்து வைத்தேன்.

"மா, இது நான் எழுதுனது இல்ல."

பார்த்தாள். துருவுவதை நிறுத்தவில்லை. "ஆமா. நான்தான் அழிச்சேன். நீ திரும்பவும் எழுதுன, நான் திரும்பவும் அழிச்சேன். என்னா இப்ப?"

"அக்கா யாரையாவது காதலிக்குதா?"

துருவல் நின்றது. அம்மா சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

"அவளுக்குக் கண்ணு தெரியலடி."

வலது கண். நாலைந்து மாதமாகவே ஓரமெல்லாம் புகை மூடினாற்போல இருக்கிறதாம். அக்காவுக்கு நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் முடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்க்கும் வேலை. முதலில் அதனால்தான் வலி என்று விட்டுவிட்டாளாம். போன வியாழன் அரை நாள் லீவு போட்டுத் தெங்கேராவில் ஒரு முஸ்லிம் நானாவின் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறாள். அவர் சோதித்துவிட்டு, "இது கண்ணாடிக்கு அடங்குற விஷயமில்ல தங்கச்சி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க," என்று சீட்டு எழுதிக் கொடுத்து, வாசல் வரை வந்து பஸ் நிற்கும் இடத்தைக் காட்டியிருக்கிறார். லாரிக்காரர் பார்த்தது அதைத்தான்.

"அப்பாகிட்ட சொல்லிட்டா என்னா?"

"இருபத்திமூணாம் தேதி தஞ்சோங் கிளிங்குல இருந்து விமலாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. உங்கப்பாவுக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு வராது. இவள வேலைய விட்டு நிறுத்துவாரு, அவங்ககிட்டயும் நேராச் சொல்லிருவாரு. கண்ணு தெரியாத பொண்ணுன்னு எஸ்டேட் பூரா பேசுவாங்க. நாளைக்குத்தான் ஆஸ்பத்திரியில பாக்குறாங்க. என்னா ஏதுன்னு தெரியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு நோட்டக் கேப்பாருன்னு சனிக்கிழமையே தெரிஞ்சு போச்சு."

நான் நோட்டை மூடினேன்.

"நீ எழுதுனது பொய்யின்னு நான் சொல்லல," என்றாள். "யாரு படிப்பாங்கன்னு நீ நெனச்சுப் பாக்கல. அவ்வளவுதான்."

படியைக் காலால் தடவி இறங்கினாளே, திருடி மாதிரி என்று எழுதினேனே. பின்னால் புரட்டிப் பார்த்தேன். அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். நான் அப்படித்தான் நினைத்தேன், இருக்கட்டும்.

ஜூலை 20, வியாழன்

புழுக்கம். பள்ளியில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

அக்கா இன்று இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. அதே டவுன் பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும். தெரிந்தும் 6.30-க்கே ஜங்ஷனுக்குப் போய்விட்டேன்.

6.46. கம்பெனி பஸ். பார்வதி அக்கா இறங்கினார். "இன்னைக்கும் லீவா?" என்று ஒரு பார்வை. நேற்று வரை நானும் இப்படித்தான் பார்த்திருப்பேன்.

7.40. டவுன் பஸ். அக்கா இல்லை.

அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதா, ஓடுவதா? ஓடினேன்.

வீட்டு வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள். மூன்று மணிக்கே மில்லில் இருக்க வேண்டியவர்.

உள்ளே அக்கா படுத்திருந்தாள், கண் மேல் ஈரத்துணி. அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் அப்பா. கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார். அப்பா கோப்பி கலக்கி நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. குடித்துவிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

அக்கா இன்று வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது தலை வாரிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

அப்பா நேற்று மத்தியானம் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே மோட்டார் சைக்கிளோடு நின்றிருக்கிறார். அக்கா வெளியே வந்து டவுன் பஸ் ஏறியதும் பின்னாலேயே வந்திருக்கிறார். அக்காவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி கண் பகுதியில் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கிறாள். கண் பாப்பாவைப் பெரிதாக்க மருந்து ஊற்றியிருந்தார்களாம், எல்லாமே மங்கல்.

"பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. சட்டையில செம்பனை எண்ண வாட. அப்பா மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன். அப்பாதான்."

"திட்டுனாரா?"

"ஒண்ணும் கேக்கலடி. கையில இருந்த நம்பர் சீட்ட வாங்கிக்கிட்டாரு. ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். என் நம்பர் கூப்டப்ப நான் எழும்புறதுக்கு முன்ன அவரு எழுந்து நின்னுட்டாரு."

டாக்டர் சொன்னது: கண்ணுக்குள் அழுத்தம். வலது கண்ணில் போன பார்வை போனதுதான். மீதியைக் காப்பாற்றலாம். தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து. இடது கண்ணையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். கூர்ந்து பார்க்கும் வேலை இனி வேண்டாம். அக்கா இதைச் சொல்லும்போது சீப்பு ஒரே இடத்தில் நின்றது. பிறகு வாரினாள்.

அப்பா ஷிஃப்டுக்குப் போகவில்லை, சாயங்காலம் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். குரல் எழும்பவே இல்லை.

"தேவி, பெருசு ஆறு நாப்பத்தேழு. சின்னது ஆறு நாப்பத்திரண்டு. கழிச்சா அஞ்சு. அறுபத்திரண்டு எப்படி வரும்?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"தெனம் நூறு லாரிக்குக் கழிக்கிறேன். எனக்குத் தெரியாதா? மேல உள்ள நேரத்த யாரோ மாத்தியிருக்காங்க, கீழ உள்ளத மறந்துட்டாங்க. மாத்தாம இருந்திருந்தா, ஒரு நாள் லேட்டுன்னு விமலாகிட்டயே கேட்டிருப்பேன். வீட்டுக்குள்ளயே அழிக்கிறாங்கன்னு தெரிஞ்ச பொறவுதான் எனக்குக் கெட்ட கெட்ட நெனப்பா வந்துச்சு. அஞ்சு நாளு தூக்கம் இல்ல. அழிச்ச இடம் வியாழன், அதான் அடுத்த வியாழன் கேட்டுல வந்து நின்னேன்."

பிறகு, "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்னா செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க?"

அம்மாதான் பதில் சொன்னாள். "வேலைய நிறுத்தியிருப்பீங்க."

அப்பா யோசித்தார். "ஆமா. நிறுத்தியிருப்பேன்."

"அதான்."

"இப்ப டாக்டரும் அதத்தானே சொல்றாரு?"

கோழி ஒன்று உள்ளே வந்தது. அக்கா எழுந்து விரட்டினாள்.

கணக்கு நோட்டைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன். தலைகீழாக. நிஜ நேரம் 6.44 என்றும், பாடத்துக்காக மாற்றியது 7.44 என்றும். பின்னால் ஒட்டினால் ரேவதி படிப்பாள், பார்வதி அக்காவுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று தெரியாது.

ஜூலை 23, ஞாயிறு

பலகாரம்: கேசரி, வடை. நாற்காலி இரவல் நான்கு.

தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஐந்து பேர். மாப்பிள்ளை ஹோட்டலில் வேலை. பேசவில்லை, வடை மூன்று சாப்பிட்டார். அக்கா தட்டோடு வந்தாள். அம்மா என்னை அக்காவின் வலது பக்கமாக நடக்கச் சொல்லியிருந்தாள், மேசை முனையில் இடித்துக்கொள்ளாமல்.

உட்கார்ந்ததும் அப்பா ஆரம்பித்தார். "ஒண்ணு சொல்லிப்புடுறேன். பொண்ணுக்கு வலது கண்ணு பலவீனம். மருந்து போடுறா. எங்களுக்கே வியாழக்கிழமைதான் முழுசாத் தெரியும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கீழே வைத்தார். "ரெண்டு கண்ணுக்கும் வருமா?"

"தெரியல," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அம்மா பாத்திரங்களை உருட்டி உருட்டிக் கழுவினாள். அக்கா சேலையை மாற்றிவிட்டு மீதி வடையைச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்து, "உப்பு பத்தல," என்றாள்.

ஜூலை 24, திங்கள்

மில் ஆபிசுக்கு ஃபோன் வந்ததாம். ஜாதகம் பொருந்தவில்லையாம்.

போன மாதம் அதே ஜாதகம் ஏழு பொருத்தம் என்று அவர்களேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்படி மாறியது? அங்கேயும் யாரோ அழித்து எழுதியிருக்கிறார்கள்.

அக்கா இன்று டாக்டர் கடிதத்தோடு போய் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கூட நின்று பேசியது யாரென்றால் பார்வதி அக்கா. ஜங்ஷனில் அவர் பார்த்த பார்வையைப் பற்றி நான் இங்கே என்ன எழுதினேன்? அது வெறும் விசாரிப்பாகவும் இருந்திருக்கலாம்.

ஜூலை 25, செவ்வாய்

வெயில். விரிப்புகள் துவைத்தேன்.

நோட்டு திரும்பி வந்தது. வியாழனுக்கு நேரே தாள் கிழிந்தே விட்டது, இத்தனை முறை அழித்தால். சிக்கு ரஹிமா அந்த ஓட்டையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் மலாயில்: அசல் எண் எது? மார்க் போடவில்லை.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். திட்டவில்லை. எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று நன்றாக எழுதியிருக்கிறாய், ஆனால் மாற்றியது எதை என்று எனக்குத் தெரிய வேண்டும், நாளைக்கு எழுதிக்கொண்டு வா என்றார்.

சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். பேக்கிங்கில் முதல் நாள், கால் வலிக்கிறது என்று நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு நாப்பத்திநாலுதானே? அதையே எழுது."

"ரேவதி பாத்துருவா. எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. எங்கக்கா கண்ணு பாக்கப் போனான்னு சொல்லு. நீயே சொல்லிரு. அடுத்தவங்க சொல்ல வேணாம்."

புதுத் தாளில் பேனாவால் எழுதினேன். பத்து நாள், பத்து நேரம். வியாழன் 7.44. காரணம் எழுதவில்லை. கணக்கில் அதற்கு இடமில்லை, யாராவது கேட்டால் வாயால் சொல்வேன்.

ஏழு மணிக்கு மருந்து. இந்த வாரம் அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட், அதனால் அவரே போடுகிறேன் என்றார். அக்கா தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டாள். அம்மா விளக்குப் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள். அப்பா குனிந்தார். புட்டியை அமுக்கினார். சொட்டு கன்னத்தில் விழுந்து கழுத்துக்கு ஓடியது.

"பரவால்லப்பா," என்றாள் அக்கா, கண்ணை மூடாமல். "இன்னொரு தடவ போடுங்க."